எக்ஸ்சேஞ்சில் முதல் போர்ட்: ரவுட் சர்வர் செஷன் நிற்கும் வரை

எங்கள் நெட்வொர்க்கை ஓர் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சில் இணைக்கும் வேலை என்னிடம் வந்தபோது, போர்ட் அன்றே மேலே வந்துவிட்டது. ஆனால் ரவுட் சர்வருடன் (அங்கே இணைந்த ஒருவரின் வழிகளை மற்றவர்களுக்குச் சொல்லும் சர்வர்) பிஜிபி செஷன் (நெட்வொர்க்குகள் தங்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையின் இணைப்பு) நிலையாக நிற்க இரண்டு இரவுகள் ஆயின. அந்த இரண்டு இரவு உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஏஎஸ் எண் (பிஜிபியில் உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்), சொந்த ஐபி முகவரிகள், பிஜிபி பழக்கம் மூன்றும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் என்பது அடிப்படையில் ஒரு பெரிய லேயர் 2 ஸ்விட்ச். உறுப்பினர்களின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே லானில் உட்கார்ந்திருக்கும். இருவருக்கு இடையிலான டிராஃபிக், டிரான்சிட் கொடுப்பவரை (காசு வாங்கிக்கொண்டு இணையம் முழுவதற்கும் வழி தருபவரை) தொடாமல் நேராகப் போகும். கட்டணமும் பொதுவாகப் போர்ட்டின் அளவுக்குத்தான், எவ்வளவு டிராஃபிக் ஓடியது என்பதற்கு இல்லை. 1994இல் தொடங்கிய லண்டனின் லிங்க்ஸ் உறுப்பினர்களுக்கே சொந்தமான, லாபநோக்கற்ற அமைப்பு. இன்றும் பல எக்ஸ்சேஞ்சுகள் அப்படித்தான் நடக்கின்றன.

படி 1: பதிவுகள்

நெட்வொர்க்குகள் தங்கள் இணைப்பு விவரங்களைப் பதிவுசெய்யும் பொதுத் தளமான பியரிங்டிபியில் உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஏஎஸ்-செட் (உங்கள் வழியாக அறிவிக்கப்படும் ஏஎஸ் எண்களின் தொகுப்பு), அதிகபட்ச பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) எண்ணிக்கை இரண்டும் அங்கே சரியாக இருக்க வேண்டும். ஆர்பிகேஐ-யில் (முகவரித் தொகுதியை அறிவிக்கும் உரிமையைச் சரிபார்க்கும் முறை) ஆர்ஓஏ (இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்ற கையெழுத்திட்ட பதிவு) போடும்போது ஒரு கவனம் தேவை. /22க்கு மட்டும் ஆர்ஓஏ போட்டுவிட்டு, அதிகபட்ச நீளத்தை 24 என்று குறிக்காமல் /24 துண்டுகளை அறிவித்தால் அவை செல்லாதவை ஆகிவிடும். ஆர்பிகேஐ பார்க்கும் ரவுட் சர்வர் அவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

படி 2: ஃபைபர்

பெரும்பாலும் 10 ஜி எல்ஆர் ஆப்டிக், சிங்கிள் மோடு ஃபைபர். லைட் வரவில்லை என்றால் டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதுதான் விஷயம்.

படி 3: சோதனை விலான்

பல எக்ஸ்சேஞ்சுகளில் முதலில் தனி விலானில் (அதே ஸ்விட்சில் பிரித்து வைத்த லான்) வைத்து உங்கள் போர்ட்டைக் கவனிப்பார்கள். ஒரே ஒரு மேக் முகவரிதான் தெரிய வேண்டும். ஸ்பேனிங் ட்ரீ, சிடிபி, எல்எல்டிபி, டிஹெச்சிபி, ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்பு எனக் கருவிகள் தாமாக அனுப்பும் செய்திகள் எதுவும் வெளியே போகக்கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக ப்ராக்சி ஆர்ப்பை அணையுங்கள். அது ஓடினால், இன்னொருவரின் முகவரியைத் தேடி வரும் கேள்விக்கு உங்கள் ரவுட்டர் "நான்தான்" என்று பதில் சொல்லும். ஒரு தொடர்பும் இல்லாத இரண்டு உறுப்பினர்களின் டிராஃபிக் உங்களிடம் வந்து சாகும்.

படி 4: ரவுட் சர்வர்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. டிஎன்எஸ் ரூட் சர்வருடன் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு.

100 உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் தனித்தனியாக பிஜிபி பேசினால் மொத்தம் 4950 செஷன்கள். அதற்குப் பதிலாக எல்லோரும் ரவுட் சர்வருடன் பேசுகிறார்கள். வழக்கமாக இரண்டு இருக்கும், இரண்டுடனும் செஷன் போடுங்கள். ஒருவர் சொன்ன வழியை அது மற்றவர்களுக்குச் சொல்லும், அவ்வளவுதான். டிராஃபிக் அதன் வழியாகப் போகாது. நெக்ஸ்ட் ஹாப் (டிராஃபிக் அடுத்துப் போக வேண்டிய ரவுட்டர்) அந்த உறுப்பினரின் ரவுட்டராகவே இருக்கும். ஏஎஸ் பாத்திலும் (ஒரு வழி கடந்து வந்த ஏஎஸ் எண்களின் வரிசை) ரவுட் சர்வர் தன் எண்ணைச் சேர்க்காது. 2016இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7947 இதை வரையறுக்கிறது.

எனக்கு நடந்தது இது. செஷன் எஸ்டாப்ளிஷ்ட் ஆகும், ஒரு நொடியில் விழும், திரும்ப எழும், திரும்ப விழும். லாகில் "நோட்டிஃபிகேஷன் 3/11" என்று ஒரே வரி வந்துகொண்டே இருந்தது. நான் பாஸ்வேர்டைப் பார்த்தேன், எம்டியூவைப் பார்த்தேன், ஆப்டிக்கையே மாற்றினேன். 3 என்றால் அப்டேட் செய்தியில் பிழை, 11 என்றால் ஏஎஸ் பாத் தவறு. அதாவது லைனில் எந்தக் கோளாறும் இல்லை. என் ரவுட்டர்தான் வந்த வழியை ஏற்க மறுத்திருக்கிறது.

ரவுட் சர்வரின் எண் 64500, வழியை அறிவித்த உறுப்பினர் 64501 என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த பாத் 64501 என்றுதான் தொடங்கியது. "64500உடன் பேசுகிறேன், பாத்தின் முதல் எண் 64500ஆக இல்லையே" என்று என் ரவுட்டர் செஷனையே முறித்தது. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இந்தச் சோதனை இயல்பாகவே இயங்கும். பிஜிபி பகுதியில் "நோ பிஜிபி என்ஃபோர்ஸ்-ஃபர்ஸ்ட்-ஏஎஸ்" என்று ஒரு வரி, அப்புறம் செஷன் நின்றுவிட்டது. உங்கள் ரவுட்டரில் ஒரு அண்டைக்கு (பிஜிபி பேசும் எதிர் ரவுட்டருக்கு) மட்டும் இதை அணைக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். டிரான்சிட் பக்கம் அந்தச் சோதனை இருப்பது நல்லது.

படி 5: ஃபில்டர்

கையால் பிரிஃபிக்ஸ் பட்டியல் எழுதாதீர்கள். பிஜிபிக்யூ4 என்ற கருவி ஏஎஸ்-செட்டிலிருந்து அதை உருவாக்கித் தரும். நான் வேறு எதையும் பயன்படுத்துவதில்லை. அதிகபட்ச பிரிஃபிக்ஸ் எல்லையையும் போடுங்கள். உங்கள் டிரான்சிட்டிலிருந்து கற்ற வழிகளை எக்ஸ்சேஞ்சில் அறிவிக்கவே கூடாது. அறிவித்தால் ஊரார் டிராஃபிக் எல்லாம் உங்கள் போர்ட்டுக்குள் பாயும். மாற்றம் செய்தவுடன் எக்ஸ்சேஞ்சின் லுக்கிங் கிளாஸை (ரவுட் சர்வரிடம் உள்ள வழிகளைக் காட்டும் பக்கம்) திறந்து, உங்கள் வழிகள் ஏற்கப்பட்டனவா என்று பாருங்கள்.

ரவுட் சர்வரை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். அதனுடன் உங்கள் செஷன் நன்றாக இருக்கும்போதே, உங்களுக்கும் இன்னொரு உறுப்பினருக்கும் இடையில் ஸ்விட்ச் பாதை அறுந்து போகலாம். அது பிஜிபிக்குத் தெரியவே தெரியாது, டிராஃபிக் காற்றில் கரையும். அதிக டிராஃபிக் உள்ள நான்கைந்து பேருடன் நேரடி செஷன் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை 1: வழிகள் வந்தும் டிராஃபிக் டிரான்சிட்டிலேயே போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் வழிகளுக்கு லோக்கல் ப்ரிஃபரன்ஸை (எந்த வழியை முதலில் தேர்வது என்று சொல்லும் மதிப்பு) டிரான்சிட்டை விட உயர்த்துங்கள். உள்ளே இருக்கும் மற்ற ரவுட்டர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் லான் முகவரி தெரியாது என்பதால் ஐபிஜிபியில் (உங்கள் ரவுட்டர்களுக்கு இடையிலான பிஜிபி) நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃபும் (நெக்ஸ்ட் ஹாப்பாகத் தன் முகவரியையே சொல்லும் அமைப்பு) வேண்டும். அந்த லானின் பிரிஃபிக்ஸை வெளியே அறிவித்து இதைத் தீர்க்க நினைக்காதீர்கள், எந்த எக்ஸ்சேஞ்சும் அதை விரும்பாது.

பின்சேர்க்கை 2: "குறிப்பிட்ட ஒருவருக்கு என் வழியைச் சொல்லாதே" என்று கம்யூனிட்டி (வழியோடு சேர்த்து அனுப்பும் எண் குறிப்பு) போட்டும் வேலை செய்யவில்லை என்று ஒருவர் கேட்டார். எதிராளியின் ஏஎஸ் எண் 65535க்கு மேல். பழைய கம்யூனிட்டியின் ஒரு பாதி 16 பிட்தான், அந்த எண் அதில் அடங்காது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8092 தரும் லார்ஜ் கம்யூனிட்டியில் எழுதியதும் அவருக்குச் சரியாகிவிட்டது.