டெபாசிட் வாங்குவது சுலபம், திருப்பிக் கொடுப்பதில்தான் வேலை

யுபிஎஸ் பேட்டரி ஒன்றை நான்கு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கும்போது கட்டிய டெபாசிட்டுக்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி, மடித்துப் பத்திரமாக வைத்திருந்த பில். பிரித்தால் வெறும் வெள்ளைத் தாள்! சூட்டில் அச்சாகிற தாள், எழுத்து தானாகவே மறைந்திருந்தது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். போனது போனதுதான்.

பிறகு எங்கள் அலுவலகத்தில் பழைய லேப்டாப்புகளை ஊழியர்களுக்கே விற்றார்கள். அவை கடைசியில் குப்பைக்குப் போகாமல் திரும்பி வர ஒரு டெபாசிட் திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் கற்றதைச் சொல்கிறேன்.

சோடா பாட்டில் ஒரு வாரத்தில் திரும்பிவிடும். லேப்டாப் வர மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். அதற்குள் பில் தொலையும், வாங்கியவர் வேலை மாறிப் போயிருப்பார். ஆகவே டெபாசிட்டை ஆளின் பெயரில் எழுதாதீர்கள், பொருளின் சீரியல் எண்ணில் எழுதுங்கள். யார் கொண்டுவந்தாலும், எண் பொருந்தினால் பணம். கை மாறி விற்றால் டெபாசிட்டும் பொருளோடு போகட்டும்.

அடுத்தது தொகை. பழைய சாமான் வாங்குபவர் தரும் விலையைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருள் அவரிடம்தான் போகும். தென் கொரியா 1992-இல் உற்பத்தியாளர்களிடமே டெபாசிட் வாங்கிப் பார்த்தது, பழைய பொருளைத் திரும்பச் சேகரித்தால் அது திரும்பக் கிடைக்கும். சேகரித்துப் பிரிக்கும் செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகை. போனால் போகட்டும் என்று விடுவதே அவர்களுக்கு லாபமாகிவிட்டது. 2003-இல் அந்த முறையையே மாற்றினார்கள். ஜெர்மனியில் கார் பேட்டரிக்கு 7.50 யூரோ டெபாசிட். பழையதைக் கையோடு கொண்டுபோனால் அதைக் கட்டவே வேண்டாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது, பணத்தைப் பல வருடம் கட்டிக் காக்கும் தலைவலியே இல்லை.

அந்தத் தலைவலி இருந்தால், பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். அன்றாடச் செலவோடு கலந்தால் கரைந்துவிடும். வட்டியும் சேர்த்துக் கொடுங்கள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளே டெபாசிட்டை வட்டியோடு திருப்பித் தருவதாகத்தான் வரையறுத்தன.

வீங்கிய பேட்டரியோடு வந்தால் அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள்.

சரி, இத்தனையும் யோசித்த நான் ஒன்றைக் கோட்டை விட்டேன். முதலில் வந்தவர் நீட்டியது வெறும் கூடு. போர்டு, ரேம், பேட்டரி எதுவும் உள்ளே இல்லை. சீரியல் எண் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. விதிப்படி பணத்தைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே விதியைத் திருத்தினேன்: போர்டு, திரை, பேட்டரி மூன்றும் இருந்தால்தான் முழுத் தொகை. ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் விலக்கு. சொந்தத் தகவல் வெளியே போகுமோ என்று அதைக் கழற்றி வைத்துக்கொள்பவரைக் குறை சொல்ல முடியாது.