செட்டிநாட்டு அழகை வீட்டுக்குள் கொண்டுவரும்போது சொதப்பும் இடங்கள்

புது வீடு கட்டுகிறவர்களும் சரி, பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிக்கிறவர்களும் சரி, "செட்டிநாடு ஸ்டைல்ல பண்ணிடலாம்" என்று இப்போது சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆத்தங்குடி ஊரில் கையால் செய்கிற பூக்கல் பதித்த தரை, ஒரு சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, காரைக்குடியிலிருந்து ஒரு பழைய கதவு, நாலைந்து பித்தளைச் சாமான், அடர்ந்த நீலமோ பச்சையோ ஒரு பக்கம். ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் பல வீடுகள் ரிசார்ட் வரவேற்பறை மாதிரி ஆகிவிடுகின்றன. இன்னும் சிலவற்றில் ஒரு வருஷம் திரும்புவதற்குள் தரை வெளுத்து, பூச்சு உப்பி, கதவிலிருந்து தூள் கொட்ட ஆரம்பிக்கிறது. பார்த்தவரையில் காரணம் ஒன்றுதான். கையால் செய்த பொருளை, அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் பொருள் மாதிரியே நடத்துகிறோம்.

முதலில் அளவு. செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் போய் ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, அதையே நம் ஹாலில் கேட்பது வேலைக்காகாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரைக்கும் கட்டிய வீடுகள் அவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பகுதிகள், ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகும். நடுவில் வானம் பார்த்த முற்றம். வெளிச்சம் மேலிருந்து கொட்டி, தரையில் பட்டு, சுற்றுத் தாழ்வாரத்துக்குள் பரவும். அந்த வெளிச்சம் இருப்பதால்தான் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூவும் கட்டமும் ஒரே இடத்தில் அடித்துக்கொள்ளாமல் நிற்கின்றன. பத்தடி உயரக் கூரையும் ஒரு பக்க ஜன்னலும் உள்ள ஹாலில் அத்தனையையும் இறக்கினால் மூச்சு முட்டும். தரைதான் பேச வேண்டுமென்றால் சுவரை விட்டுவிடுங்கள். கதவுதான் கதாநாயகன் என்றால் தரைக்குச் சாதாரண ரெட் ஆக்சைடு போதும்.

"ஒரிஜினல் செட்டிநாடு" என்று வேறு சிலர் அலைகிறார்கள். அந்த வீடுகளே கலவைதான். பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு என்று, அந்த வீடுகளைக் கட்டிய வணிகச் செட்டியார்களான நகரத்தார் போன ஊர், பிடித்த பொருள், கிடைத்த கப்பல் எல்லாம் சேர்ந்து வந்த அழகு. அதனால் சுத்தம் பார்ப்பதைவிட, உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. இதைப் பிறகு சொல்கிறேன்.

நிறத்தில் நடக்கும் தப்பு, தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதலில் சுவருக்குப் பெயின்ட் முடிவு செய்துவிட்டு அதற்குப் பொருத்தமான தரையைத் தேடுகிறார்கள். பெயின்ட் கடையில் ஆயிரக்கணக்கில் ஷேடு இருக்கிறது, எதை வேண்டுமானாலும் கலக்கித் தருவார்கள். ஆக்சைடு என்கிற நிறப்பொடி கலந்த சிமென்ட் தரையில் அந்தச் சலுகை கிடையாது. சிவப்பு, மஞ்சள், சாம்பல், கறுப்பு, பச்சை, நீலம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ஆகவே தரை முதலில், சுவர் அப்புறம். செல்போன் திரையில் பார்த்த நீலத்தை நம்பி வாளி வாளியாக வாங்கவும் வேண்டாம். சின்ன டப்பா ஒன்று வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட்டு அடித்துக் காயவிட்டு, காலையிலும் சாயங்காலமும் ராத்திரி விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள். ராத்திரி பார்ப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நம் வீடுகளில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, பெட்டியிலேயே போட்டிருக்கும்) வெள்ளை வெளேர் டியூப் லைட்டுதான் பழக்கம். அதன் கீழே செம்மண் சிவப்பு செத்துப்போகும், தேக்கு சாம்பல் தட்டும். பல்பை மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000க்கு மாற்றினாலே அதே அறை வேறு அறை. சுவரைத் திரும்ப அடிப்பதற்கு முன்னால் பல்பை மாற்றிப் பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. பெயின்டரே ஏன் சொல்லப்போகிறார்?

இனி ஆத்தங்குடிக் கல். கல் என்கிறோம், டைல்ஸ் என்கிறோம், எதுவானாலும் அது சுட்டது இல்லை, சிமென்ட்தான். செய்வதைப் பார்த்தால் அதன் குணம் புரிந்துவிடும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சதுரச் சட்டம், அதற்குள் தகரத்தில் வளைத்துச் செய்த பூ அச்சு. ஆக்சைடும் சிமென்ட்டும் கலந்த குழம்பை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், இதழுக்கு மஞ்சள், காம்புக்குப் பச்சை, சுற்றிலும் சிவப்பு என்று. ஊற்றி முடித்ததும் அச்சை நேர் மேலே தூக்கிவிடுவார்கள். கை கொஞ்சம் ஆடினாலும் இதழ் பக்கத்து நிறத்துக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அதற்கும் மேலே கலவை போட்டுச் சமன்செய்து காயவைப்பார்கள். பிறகு நாட்கணக்கில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். காயக் காயக் கண்ணாடி தானாக விட்டுக்கொண்டு வரும். கல்லில் தெரிகிற மினுமினுப்பு அந்தக் கண்ணாடி விட்டுப்போன மினுமினுப்பு, பாலீஷ் இல்லை.

இது தெரிந்தால் பாதித் தவறுகள் நடக்காது. கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் நிறம் லேசாக மாறும், கோடு கொஞ்சம் நெளியும். அதைக் காட்டி "டேமேஜ் பீஸ்" என்று சண்டை போடுகிறவர்கள் அச்சடித்த செராமிக் டைல்ஸ் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி. அதே டிசைனை அச்சடித்து ஆத்தங்குடி என்றே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கல்லைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். கைக்கல்லில் மேலே நிறம் ஒரு அடுக்காகக் கனத்தோடு இருக்கும், கீழே சாம்பல் கலவை தெரியும்.

கணக்கு போடாமல் வாங்குவது அடுத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 10 அங்குலக் கல் வாங்கினால் பத்தடிப் பக்கம் 12 கல் சரியாக உட்காரும், பன்னிரண்டடிப் பக்கத்துக்கு 14 போக மிச்சம் 4 அங்குலம். அங்கே கல்லை வெட்ட வேண்டும், பார்டர் பூ பாதியில் அறுபடும். 8 அங்குலக் கல் என்றால் 15க்கு 18, மொத்தம் 270, வெட்டே வேண்டாம். (சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தால்! எதற்கும் அளந்துவிட்டு வாங்குங்கள்.) அந்த 270ஐயும் பூக்கல்லாகவே வாங்கிவிடுவதும் நடக்கிறது. கட்டில், பீரோ, சோபா எல்லாம் சுவரோரம்தான் வரப்போகிறது, அதற்கு அடியில் பூ எதற்கு? பழைய வீடுகளில் தரையை ஜமக்காளம் விரித்த கணக்கில்தான் அமைத்தார்கள். ஓரத்தில் வெறும் நிறம், அப்புறம் பார்டர், நடுவில் பூ. நம் அறையில் ஓர வரிசைக்கு 62 வெறும் கல், அடுத்த வரிசை பார்டருக்கு 54 (அதில் நாலு மூலைக்கல், அச்சே வேறு), நடுவுக்கு 154. ஓர வரிசையை இரண்டாக்கினால் இன்னும் அடக்கமாக இருக்கும். எதுவானாலும் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே அச்சில் செய்தாலும் அதே சிவப்பு வராது.

கல் பதிக்கும் கொத்தனார் விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டிப் பழகிய கைக்கு இது பிடிபடாது. சுத்தியலால் ஓங்கித் தட்டினால் மூலை தெறிக்கும். சிமென்ட் பால் முகத்தில் வழிந்து காய்ந்தால் கறை போகாது, அப்போதைக்கப்போதே துடைக்க வேண்டும். வேலை முடிந்த அன்று நம் ஊர் வழக்கப்படி ஒரு ஆள் ஆசிட் பாட்டிலோடு வருவார் பாருங்கள், அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். ஆசிட் சிமென்ட்டைத் தின்னும். ஒரே கழுவலில் மினுமினுப்பு போய், தரை சுண்ணாம்பு பூத்தது போல் வெளுத்துவிடும். உமியைப் போட்டுத் தேய்ப்பதும், துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும்தான் இதற்கு நாள்பட்ட வைத்தியம். நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். இதே காரணத்தால் சமையலறைக்கு இது வேண்டாம் என்பேன். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் சிந்தினால் ஆசிட் செய்கிற வேலையையே மெதுவாகச் செய்யும், மஞ்சள்தூள் சாயம் இறங்கிவிடும். பூஜையறை, கூடம், திண்ணை எல்லாம் சரி. மழையும் வெயிலும் நேராக அடிக்கிற மொட்டைமாடி கூடாது. பழைய டைல்ஸ்மேலேயே போட்டுவிடலாமா என்று கேட்டால், கல்லும் கலவையும் சேர்ந்து ஏறும் உயரத்துக்குக் கதவுகளை எல்லாம் அறுக்க வேண்டியிருக்கும், பாரமும் கூடும். ஃப்ளாட் என்றால் எஞ்சினியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு வருவோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர், நன்றாகப் புளித்த சுண்ணாம்பு, கடைசிக் கோட்டுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று அடுக்கு அடுக்காகப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுக்கிற வேலை. தொட்டால் ஜில்லென்றிருக்கும், முகம் மங்கலாகத் தெரியும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது. சிமென்ட் மாதிரி இரண்டு நாளில் கெட்டித்துவிடாது. கிரகப்பிரவேச நாளைக் குறித்துவிட்டு அவசரப்படுத்தினால் வெடிப்பு நிச்சயம். ஓதம் ஏறுகிற சுவரில், கசிவை அடைக்காமல் மேலே பூசி மறைப்பதும் கூடாது. அதைவிடக் கொடுமை, பழைய வீட்டில் இருக்கிற நல்ல சுண்ணாம்புச் சுவர்மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளாமல் வெளியே விடும் குணமுள்ளது. எமல்ஷன் வாயை அடைத்துவிடும், உள்ளே நின்ற ஈரம் பெயின்ட்டைத் தோல் தோலாக உரிக்கும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலே போதும், நிறம் வேண்டுமென்றால் அதிலேயே கலக்கலாம்.

பழைய கதவு வாங்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள், சுவர் எழும்பிய பிறகு போகிறார்கள். தலைகீழ். கதவை நிலையோடு வாங்கி வந்து, அதை அளந்து, அதற்குத் தகுந்த வாசல் விடுங்கள். இல்லாவிட்டால் நிலையின் மேல்கட்டைச் செதுக்கலை அறுத்துத்தான் பொருத்த வேண்டிவரும். வாங்கும்போது ஊசித்துளையும் அதன் கீழே மாவு போல் புதுத் தூளும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இருந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மெஷின் வைத்து உராய்ந்து பளபளவென்று பாலீஷ் ஏற்றுவது அடுத்த பாவம். செதுக்கலின் கூர்மை மழுங்கி, புதுக் கதவு மாதிரியே ஆகிவிட்ட பிறகு பழைய கதவுக்குக் கொடுத்த காசு எதற்கு? பிரஷ்ஷால் அழுக்கெடுத்து லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தடவினால் மரம் தானாகப் பேசும். பழஞ்சிலை, பழைய ஓவியம் யாராவது ரகசியமாகக் காட்டினால் விலகிவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், விற்கிறவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். கோயிலிலிருந்து வந்ததா என்று பிறகு உங்களைத்தான் கேட்பார்கள்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். மதுரையில் பிறந்து வளர்ந்தவர் வீட்டில், யாருடையது என்றே தெரியாத ஒரு செட்டியார் தாத்தாவின் படம் பெரிய சட்டம் போட்டுத் தொங்குகிறது, சொந்தத் தாத்தா போட்டோ பெட்ரூம் அலமாரிக்குள் கிடக்கிறது. கேட்டால் "தீமுக்கு அதுதான் செட் ஆகுது" என்கிறார்கள். நெல்லைக்காரர் என்றால் பத்தமடைப் பாய் இருக்கும், ஈரோட்டுப் பக்கமென்றால் பவானி ஜமக்காளம், அம்மாவின் தையல் மெஷின், அப்பா மிலிட்டரியிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி. நகரத்தார் செய்ததும் அதுதானே, தாங்கள் போய்வந்த ஊர்ப் பொருளை வீட்டில் வைத்தார்கள். டிரங்குப் பெட்டிக்கு ஒரு கோட்டு நீல எனாமல் அடித்து ஆத்தங்குடித் தரையில் வைத்துப் பாருங்கள், கடையில் வாங்கிய உருளியைவிட நன்றாகவே இருக்கும்.

கடைசியாக வேலை வரிசை. கையால் பூசிய சுவரில் பின்னால் துளை போட்டால் ஒட்டுப்போட்டது தெரியாமல் மறைக்க எந்தக் கொத்தனாராலும் முடியாது. வயரிங், ஏசி பைப், சுவிட்ச் போர்டு, படம் மாட்டும் ஆணி வரைக்கும் பூச்சுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். டிவி எந்தச் சுவரில் என்ற சண்டையையும் அதற்குள் போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.