மழைக்காலக் கத்திரிக்காய் பாஸ்தா: எங்கே கெடுகிறது?

பாஸ்தாவைச் சோறு போல வடித்து, குழாய்த் தண்ணீரில் அலசி, ஒட்டாமலிருக்க எண்ணெய் பிசறி வைக்கிறோமே, பெரிய தவறு அதுதான். பாஸ்தாவின் மேல் படிந்திருக்கும் மாவுச்சத்துதான் குழம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அலசினால் அது போய்விடும். எண்ணெய் பூசினால் குழம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். தட்டில் பாஸ்தா ஒரு பக்கம், தக்காளித் தண்ணீர் ஒரு பக்கமாக நிற்கும்.

ஆம்பூர் பிரியாணி செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சீரகச் சம்பாவைத் தனியே அரைவேக்காட்டில் வடித்து, மசாலாவில் சேர்த்து தம் போடுகிறார்கள். கடைசிப் பதம் மசாலாவுக்குள் வருவதால்தான் ஒவ்வொரு பருக்கையிலும் ருசி ஏறுகிறது. பாஸ்தாவுக்கும் அதே நியாயம். உறையில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்திலேயே எடுத்துவிடுங்கள். மீதி 2 நிமிடம் வாணலியில் குழம்போடு புரளட்டும். வெந்த நீரை ஒரு கிண்ணம் எடுத்து வைத்து, குழம்பு இறுகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. அந்த நீரிலேயே உப்பு இருப்பதால் குழம்பில் உப்பைக் குறைத்தே போட வேண்டும்.

இனி காய். ஐப்பசி மழை பிடித்த நாளில் நான் தேடுவது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர்க் காய். அம்மா காம்பைத் தொட்டுப் பார்த்து, முள் சுருக்கென்று குத்தினால்தான் வாங்குவார். வாடிய காயில் முள்ளும் துவண்டுவிடும். பாஸ்தாவுக்குக் கத்திரிக்காயா என்று தயங்க வேண்டாம். சிசிலித் தீவின் கத்தானியா நகரத்தில் வறுத்த கத்திரிக்காயும் தக்காளியும் சேர்த்த பாஸ்தாதான் ஊர்ப் பெருமை. பிரியாணிக்கே கத்திரிக்காய் தொட்டுக்கொள்ளும் நமக்கு அது எப்படி அந்நியமாகும்?

ஆனால் நறுக்கியதும் நேரே குழம்பில் போட்டால் கூழாகிவிடும். காயாத எண்ணெயில் போட்டால் அத்தனையையும் குடித்துவிடும். கத்திரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே காற்றறைகள் நிறைந்தது. விரற்கடை அளவுத் துண்டுகளாக்கி, உப்புப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். மேலே முத்து முத்தாக நீர் கசிந்து நிற்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். உடனே கிளறக் கூடாது, மூடியும் போடக் கூடாது. அடிப்பக்கம் சிவந்து தானாக விடுபடும்போது திருப்பினால் போதும். வாணலி சிறியதாக இருந்தால் இரண்டு தடவையாக வறுங்கள். இங்கே பொறுமை இல்லாவிட்டால் பிறகு எதைச் சேர்த்தும் சரிசெய்ய முடியாது.

பரங்கிக்காய் சேர்ப்பதென்றால் அதையும் தனியே வதக்கி, பாதியை மசித்துவிடுங்கள். குழம்புக்கு இனிப்பும் திடமும் வரும். தக்காளி பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட வேண்டும். கரம் மசாலா வேண்டவே வேண்டாம். பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய், மிளகுத்தூள் போதும்.

இத்தாலியர் பாஸ்தாவில் வாசனைக்குப் போடும் பேசில் இலைக்குப் பதிலாகத் துளசியைக் கிள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. துளசியின் காரநெடி காய்களின் ருசியை அமுக்கிவிடும். நம் திருநீற்றுப் பச்சிலைதான் பேசில் இனம். சப்ஜா விதை தரும் செடி. தொட்டியில் இருந்தால் நாலு இலை கிள்ளி, அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். சீஸ் துருவலுக்கும் அதுவே நேரம். கொதிக்கும்போது போட்டால் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும்.

செய்த கையோடு பரிமாறிவிடுங்கள். ஆறினால் இறுகும், மீந்ததைச் சூடாக்கும்போது இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்தால் மீண்டும் இளகிவிடும்.