பெண்களுக்கான சப்ளிமென்ட்டுகள்: ஆய்வின் பெயரால் நேரும், தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்களின் உடல்நலத்துக்கென்று விற்கப்படும் சப்ளிமென்ட்டுகளையும் சத்து சேர்த்த உணவுகளையும் உருவாக்குவோரும் வாங்குவோரும் ஒரே தவறைத்தான் பல வடிவங்களில் செய்கிறார்கள். ஒரு மூலப்பொருளின் பெயரில் ஆய்வு ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆய்வில் சோதிக்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட வடிவம், ஒரு குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட உடல்நிலையில் இருந்த பெண்கள், அவர்கள் அதை உட்கொண்ட காலம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒன்று. இவற்றில் ஏதேனும் மாறினால், அந்த முடிவு கையிலுள்ள டப்பாவுக்குப் பொருந்துமா என்று மறுபடியும் கேட்டாக வேண்டும்.

மிக உறுதியான ஆதாரமுள்ள ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமினிலேயே இதைப் பார்க்கலாம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூடாத) கருவைச் சுமந்த பெண்களுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் கொடுக்கப்பட்டபோது, அக்குறைபாடு மீண்டும் நேரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்தது. அத்தகைய வரலாறு இல்லாத பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ அதில் பத்தில் ஒரு பங்கான 400 மைக்ரோகிராம்தான். காலமோ அளவைவிடவும் முக்கியமானது. கருத்தரித்த ஏறத்தாழ 28 நாட்களுக்குள் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஆகவே, கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்குவதற்கென்று தயாரிக்கப்படும் ஒரு பொருள், எந்த ஆய்வைச் சுட்டுகிறதோ அந்த ஆய்வின் பயனையே தவறவிடுகிறது.

இரும்புச்சத்தில் குழப்பம் இன்னும் அதிகம். மாத்திரைகளில் சேர்க்கப்படும் இரும்புச் சேர்மங்களில், ஃபெரஸ் சல்ஃபேட்டில் ஐந்தில் ஒரு பங்கும், ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கும், ஃபெரஸ் குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்கும் மட்டுமே உண்மையான இரும்பு. அட்டையில் இருப்பது சேர்மத்தின் எடையா, அதிலுள்ள இரும்பின் எடையா என்று பாராமல் இரண்டு பொருள்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதேபோல, ஒரே மாத்திரையில் எல்லாம் இருக்கட்டும் என்று கால்சியத்தையும் அதிக அளவில் சேர்ப்பது வாங்குபவருக்கு வசதியாகத் தோன்றினாலும், ஒரே வேளையில் வரும் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியது. இரும்பு மாத்திரை ஒன்றை விழுங்கியதும் உடலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் வரை அடுத்த வேளை இரும்பை உள்ளே விடாமல் தடுக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்பு இருப்பு குறைந்த இளம்பெண்கள் 60 மில்லிகிராமைத் தினமும் உட்கொண்டபோது அதில் சுமார் 16 விழுக்காடும், ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொண்டபோது சுமார் 22 விழுக்காடும் உறிஞ்சப்பட்டது. உணவில் சேர்க்கும்போது வேறொரு சிக்கல் வருகிறது. நன்கு கரையும் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும், ஆனால் உணவின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். அதற்கு அஞ்சி கரையாத இரும்புத்தூளைச் சேர்த்தால் உணவு கெடாது, பெண்ணின் உடலுக்குப் போய்ச் சேருவதோ மிகக் குறைவு. அட்டையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

சிறுநீர்த் தொற்றைத் தடுக்குமென்று விற்கப்படும் கிரான்பெர்ரிப் பழத்தைப் பற்றி இரண்டு எதிரெதிர் கட்சிகள் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 மதிப்பாய்வு அதில் பெரிய பயனில்லை என்றது. 50 ஆய்வுகளை உள்ளடக்கிய 2023 மதிப்பாய்வோ, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களிடம் அதன் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைவதாகக் கண்டது. பழைய முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு ஒதுக்குவது ஒரு தவறு என்றால், புதிய முடிவை எல்லாப் பெண்களுக்கும் விரித்துச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. கர்ப்பிணிகளிடமும் பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியவர்களிடமும் அந்தப் பயன் தென்படவில்லை. மேலும் இது வருமுன் காப்பதைப் பற்றிய ஆதாரம். வந்துவிட்ட தொற்றைக் கிரான்பெர்ரியால் குணப்படுத்தப் பார்த்து மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டால், தொற்று சிறுநீரகம் வரை ஏறக்கூடும்.

நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியாக்களான புரோபயாட்டிக்குகளில் இனத்தின் பெயர் போதாது, உள்வகையின் பெயர் வேண்டும். லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் சிடிவி-05 என்ற உள்வகையைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வில், பிறப்புறுப்புப் பாக்டீரியா சமநிலைக் கோளாறு 12 வாரங்களுக்குள் திரும்பியது அதைப் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கு. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாப் பொடி பெற்றவர்களில் அது 45 விழுக்காடு. ஆனால் அந்தப் பெண்கள் முதலில் ஆன்டிபயாட்டிக் சிகிச்சை பெற்றவர்கள். பாக்டீரியாவும் நேரடியாகப் பிறப்புறுப்பில் வைக்கப்பட்டது, விழுங்கப்படவில்லை. அதே இனத்தின் வேறொரு உள்வகையைத் தயிரிலோ பிஸ்கட்டிலோ கலந்து இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. அடுப்பின் சூட்டில் அந்த உயிர்கள் பிழைப்பதே அரிது.

மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கான பொருள்களில், வாங்கியவர்களின் நல்ல அனுபவங்களையே ஆதாரமாகக் கொள்ளும் பழக்கம் இருக்கிறது. உடல் திடீரெனச் சூடாகி வியர்க்கும் தொல்லை, மருந்தில்லா மாத்திரையாலும் கணிசமாகக் குறைவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. காலப்போக்கில் தானாகவும் தணிகிறது. 351 பெண்களிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை மருந்தில்லா மாத்திரையைவிட மேலாக இல்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல், முன்பும் பின்பும் கேட்ட கேள்விகளை மட்டும் வைத்து ஆய்வு என்று காட்டப்படுவதை நான் ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை.

அதிகம் சேர்த்தால் அதிகப் பயன் என்ற எண்ணம் தீங்கு செய்யும். பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். கூந்தலுக்கென்று விற்கப்படும் மாத்திரைகளிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் சாதாரணம். அது தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனை முடிவையும் பிழையாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்கு ஊறு நேரலாம். கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினுக்கு அந்த ஆபத்து இல்லை. இரண்டையும் வெறுமனே வைட்டமின் ஏ என்று அச்சிடும் அட்டை, தெரிய வேண்டியதை மறைத்துவிடுகிறது.

பல மூலிகைகளைச் சேர்த்துத் தனிக்கலவை என்று பெயரிட்டு, மொத்த எடையை மட்டும் தருவதும் அத்தகையதே. எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதபோது, ஆய்வில் பயன்பட்ட அளவோடு ஒப்பிட வழியே இல்லை. அதைவிட, மூலிகை என்றாலே பாதுகாப்பானது என்று நம்பி, உட்கொள்ளும் மற்ற மருந்துகளை விசாரிக்காமல் விடுவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மனச்சோர்வுக்கென்று சேர்க்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிக் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை விரைவில் வெளியேற்றிவிடுகிறது; மாத்திரையை ஒருநாளும் தவறவிடாத பெண்ணும் அதனால் எதிர்பாராமல் கருவுறக்கூடும்.