நொடிக்கும் ஆங்கிலேயக் குடும்பம்: நாவலுக்கு முன் ஒரு கணக்கு நோட்டு

லண்டனில் வசதியாக வாழ்ந்த குடும்பம் மூன்று தலைமுறையில் நொடித்துப்போகும் நாவலை எழுதப் போகிறீர்களா? முதல் அத்தியாயத்தை இப்போதே தொடாதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள்.

படி 1: மூலதனம். தாத்தா தேயிலை வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். 1886-ல் அவரிடம் 40,000 பவுன், அத்தனையும் 'கன்சோல்' என்ற அரசுக் கடன் பத்திரத்தில். 3 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1,200. 1888-ல் நிதியமைச்சர் கோஷன் வட்டியை 2¾ ஆக்கினார். 1903-ல் அது 2½ ஆனது. வீட்டில் யாரும் சூதாடவில்லை, குடிக்கவில்லை. ஆனாலும் வருமானம் 1,000.

படி 2: பங்கு. 1905-ல் தாத்தா இறக்கிறார். பிள்ளைகள் நாலு பேர். பிரபுக் குடும்பம் மாதிரி எல்லாம் மூத்தவனுக்கே என்று எழுதிவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அது நிலமும் பட்டமும் உள்ளவர்கள் வழக்கம். வியாபாரக் குடும்பத்து உயிலில் பெரும்பாலும் பங்கு பிரியும். தலைக்கு 10,000, வாரிசு வரி போனால் ஆண்டுக்கு 250 கூடத் தேறாது. ஐந்து வேலைக்காரர்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு இனி ஒரு பணிப்பெண்தான். பழியை வரிமேல் போட்டுவிடாதீர்கள்: 1894-ல் வந்த அந்த வரியின் உச்சமே அப்போது 8 சதவீதம், அதுவும் பத்து லட்சம் பவுனைத் தாண்டிய சொத்துக்கு. இவர்களைச் சாய்ப்பது நாலால் வகுத்த வகுத்தல்.

படி 3: வயது. ஆண்டுகளை இடப்பக்கம், ஆட்களை மேலே எழுதிக் கட்டம் போடுங்கள். 1916-ல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது முதலில் 18 முதல் 41 வயதுக்குள் இருந்த, மணமாகாத ஆண்களைத்தான் எடுத்தார்கள். கட்டம் இல்லையென்றால், 1902-ல் பிறந்த பேரனைப் பதினாலு வயதில் பதுங்குகுழிக்கு அனுப்பிவிடுவீர்கள்!

படி 4: சாமான். 'ஏழையானார்கள்' என்று எழுதாமல் ஒரு பொருளைப் பின்தொடருங்கள். பாட்டியின் சாப்பாட்டு மேசைக்கு 24 லினன் கைத்துணிகள். ஓரத்தில் சிவப்பு நூலில் குடும்ப எழுத்தும் வரிசை எண்ணும். பங்கு பிரித்தபோது மூத்தவரிலிருந்து எண் வரிசைப்படி தலைக்கு ஆறு. 1926-ல், இரண்டாவது மகனுடைய மகளின் வாடகை அறையில் மிஞ்சியவை 7-ம் 19-ம். 19-ல் இஸ்திரிப்பெட்டி பட்ட கருகல்.

7 அப்பா வழி வந்தது. 19 கடைசி அத்தையின் பங்கு. அது இவள் கைக்கு எப்படி வந்தது? நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள். எழுத வேண்டிய முதல் அத்தியாயம் அதுதான்.