முதியவர்களின் மாத மருந்து தடைபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்ற நிம்மதியில் பல குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் வருமான வரம்பின்றி 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அது தரும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், அதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து போன்ற செலவுக்குமே உரியது. ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டிய ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் அதில் அடங்கா.

கைச்செலவு கட்டுப்படியாகாதபோது பெரியவர்கள் பிள்ளைகளிடம் வாய் திறப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார்கள். எனவே முதலில் மாத்திரை அட்டையை எண்ணுங்கள். முதல் தேதியில் வாங்கிய 30 மாத்திரைகளில் 20ஆம் தேதி இரவு 10 மட்டுமே மீதமிருக்க வேண்டும். 18 இருந்தால் எட்டு நாள் மருந்து உள்ளே போகவில்லை. கடிந்துகொள்ளாமல், பணம்தான் காரணமா, தலைசுற்றல் போன்ற தொல்லையா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் கூடினாலும் உடம்பு உடனே காட்டிக்கொடுக்காது என்பதால், இந்த எட்டு நாளை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

பணம்தான் காரணமென்றால் வழி உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இம்மருந்துகள் இலவசம். நடக்க இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வெளியே வாங்குவோர், அம்லோடிபின், மெட்ஃபார்மின் என மருந்தின் மூலப்பெயரை எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்டு, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ விலையை ஒப்பிடலாம். வலிப்பு, தைராய்டு மருந்துகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கூடாது.

மலிவான மருந்துக்கு மாறும் வீடுகளில் ஓர் ஆபத்து உண்டு. பழைய அட்டை ஒரு பெயரிலும் புதியது வேறு பெயரிலும் இருப்பதால், இரண்டும் ஒரே மருந்து என்பது தெரியாமல் அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் எழும்போது மயங்கி விழக்கூடும். ஆகவே புதிய மருந்து வீட்டுக்குள் வரும் அன்றே பழைய அட்டையை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டுமன்றி, வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.