பழைய டின்ல கிறிஸ்துமஸ் கேக் போடலாமா?

தாராளமா போடலாம், ஆனா பழைய சாமான் கடைல டின் எடுக்கும்போது உள்ள பெயிண்டோ எனாமலோ உரிஞ்சிருந்தா எவ்ளோ அழகா இருந்தாலும் அதுல சுடாதீங்க, பழைய பூச்சுல ஈயம் இருக்கலாம், ரொம்ப ஆசையா இருந்தா ஜன்னலோரம் பூ வைக்க வாங்கிக்கோங்க. இரும்பு டின்ல லேசா துரு இருந்தா பரவால்ல, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊற வெச்சு தேச்சு கழுவி, உடனே துடைச்சு எண்ணெய் தடவிடுங்க. அலுமினியத்துக்கு சோப்பே போதும்.

அளவு தெரியலையா? தண்ணி ஊத்தி அளந்து பாருங்க, அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல மாவு வேணாம், வழிஞ்சா ஓவன் கழுவுறது பெரிய ரோதனை. ப்ளம் கேக்குன்னா பட்டர் பேப்பர் ரெண்டு சுத்து, 150 டிகிரில மெதுவா வேகட்டும். கருத்துப்போன டின் சீக்கிரம் சூடாகும், 10 டிகிரி குறைச்சுக்கோங்க.